ஏற்றத்தில் மட்டும்

மரக்கிடங்கைத் தாண்டி மலைச்சாலையின் இரண்டாவது வளைவில் ஏறும்போது சூடு காட்டும் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. அவள் எதுவும் சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டினாள். நின்றதுதான் தாமதம், பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மூடிவிட்டது. மெக்கானிக் இறங்கிப் பின்பக்கம் போய்த் தண்ணீர் கேனை எடுத்துவந்தான். பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின்மேல் படாமல் ரேடியேட்டர்மீதும் குழாய்கள்மீதும் நிதானமாகத் தண்ணீரை ஊற்றினான். சுர்ரென்று சத்தம் எழுந்து அடங்கியது. இந்த மாதத்தில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதே வளைவில் இதே வேலையைச் செய்தாகிவிட்டது. சாலையோரத்துப் புல் அவன் ஊற்றிய தண்ணீரில் அந்த இடத்தில் மட்டும் பச்சையாகத் தெரிவதுபோல அவனுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் இருக்காது என்று உடனே தானே சொல்லிக்கொண்டான்.

அவள் கதவைத் திறந்து இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றாள். கீழேயிருந்து ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்தது. அவர்கள் பக்கத்தில் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினான்.

“என்னண்ணே, மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா? கீழ சந்தைக்குப் பின்னாடி, வெல்டிங் கடைக்குப் பக்கத்துல ஒருத்தரு இருக்காரு. கைராசிக்காரரு.”

“வேணாம்ப்பா. நான் பாத்துக்கறேன்” என்றான் சந்தைக்குப் பின்னால், வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்.

லாரி போய்விட்டது. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா, இல்லை காற்றுதானா என்று அவனால் சொல்ல முடியவில்லை. மனைவியின் முதுகைப் பார்த்து எதையும் சொல்ல முடியாத நிலைக்குத் தான் எப்போது வந்து சேர்ந்தோம் என்று யோசித்துக்கொண்டே காலி கேனின் மூடியைத் திருகினான்.

அவள் வேலை பார்த்தது காது கேட்கும் கருவிகள் பொருத்தும் நிலையத்தில். சத்தம் புகாத சிறிய அறைக்குள் மனிதர்களை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்பி, அவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பது. மலைமேல் உள்ள ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், அதைப் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். நிலையத்தின் மாடியிலேயே தங்க ஓர் அறை. சுற்றியுள்ள ஊர்களுக்குச் சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு அவளே போய்வர வேண்டும்; அதற்கு வண்டி அவளுடையதாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். அவனும் தலையாட்டினான். வாரக் கடைசி என்பது போகப்போக மாதக் கடைசியாகும் என்பதும், அதன் பிறகு அதற்கு ஒரு காரணமும் தேவைப்படாது என்பதும் இரண்டு பேருக்குமே தெரியும். மகள் படிப்புக்காக வேறு ஊர் விடுதிக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கூடத்தில் துல்லியமாகக் கேட்டது. ஒலிகளை அளப்பதே வேலையாக உள்ள ஒருத்திக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

“வண்டி சரியாச்சுன்னா வரேன்னு சொல்லியிருக்கேன்” என்று அவள் முதலில் சொன்னபோது, “அது என்ன பெரிய விஷயம், ரெண்டு நாள்ல பண்ணிடலாம்” என்றுதான் அவன் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். அவள் போவதைப் பற்றி அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஆனால் வண்டி என்பது வேறு கணக்கு. வண்டி கெட்டால் சரிசெய்வது, அவ்வளவுதான்.

ஆனால் வண்டி பிடிகொடுக்கவில்லை. ஊருக்குள் ஓட்டினால் பசுமாடு மாதிரி போகும். சந்தைக்கும் வீட்டுக்கும் நாளெல்லாம் அலைந்தாலும் முள் பாதியைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க மலையேறினால் மட்டும் அந்த இரண்டாவது வளைவில் கொதிக்கும்; ஆறவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தான். மூடியை மாற்றினான். வாட்டர் பம்பைப் பிரித்துப் பார்த்து, நன்றாக இருந்தும் மனம் கேளாமல் புதிது போட்டான். எஞ்சின் மேல்மூடிக்கடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று, எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று அரைமணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் குளம்போல அசையாமல் கிடந்தது. அதில் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்துக் கடை வெல்டருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்கவில்லை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வேலைக்கு நடுநடுவே வந்து நிற்பான்.

“என்ன மச்சான், ஊர் வண்டியெல்லாம் ஓடுது, உன் வண்டி மட்டும் ஆவி பிடிக்குது. சளி ஏதாச்சும் இருக்கோ என்னவோ.”

“போய் உன் பொழப்பைப் பாரு.”

“இல்ல, ஒரு சந்தேகம்.” வெல்டர் குரலைத் தாழ்த்தினான். “தங்கச்சி மேல போறதுக்கு வண்டி ரெடியாகணும். வண்டி மட்டும் ரெடியாகவே மாட்டேங்குது. நீ கெட்டிக்காரன்தான் மச்சான். நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணுவேன். ஆனா எனக்கு இவ்ளோ மூளை கிடையாது.”

மெக்கானிக் சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அப்போது அவனுக்கே தெளிவாக இல்லை. அன்று மாலை பட்டறையைப் பூட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் பிடிபட்டது. வெல்டரின் சந்தேகத்தில் அவன் கெட்டிக்காரன். அது பொய் என்றால் மிஞ்சுவது, சொந்த வண்டியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரியாத ஒரு மெக்கானிக்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளும் கேட்டாள். அவன் தொட்டிக்கு முன் நின்று முழங்கைவரை சோப்பு போட்டுக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவனுடைய பக்கவாட்டு முகம் தெரியும்.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கோவப்படாம சொல்லணும்.”

“ம்.”

“வண்டியை நீங்க வேணும்னேதான் சரி பண்ணாம வெச்சிருக்கீங்களா?”

ஆமாம் என்றால் அது உண்மையில்லை. இல்லை என்றால் அதோடு விஷயம் முடியாது. அப்படியானால் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இருந்தது ஒரே பதில்தான்: தெரியவில்லை. பட்டறை வைத்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாதபோது ‘நாளைக்கு வாங்க’ என்பான். ‘சாமான் வரணும்’ என்பான். ‘வண்டியை விட்டுட்டுப் போங்க, பேசிக்கலாம்’ என்பான். ஒரு வார்த்தை, அதுவும் சொந்த வீட்டில், கேட்கிறவள் மனைவி. ஆனாலும் நாக்கு எழவில்லை. குழாயைத் திறக்கவும் மறந்து, நுரை வழியும் கைகளோடு நின்றுகொண்டிருந்தான்.

அந்த மௌனத்தை அவள் தனக்குத் தெரிந்தபடி எடுத்துக்கொண்டாள்.

“சரி, விடுங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவன் எதிர்பார்த்த எதுவுமே அந்தக் குரலில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் திரும்பிப் பார்த்தபோது, அவனுடைய சட்டையை மடியில் வைத்து, ஏற்கெனவே மடித்ததை மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஏதோ இளகியது. அவள் பேச ஆரம்பித்தாள். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் எதிரே உட்கார்ந்தாள். நிலையத்துக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாள்.

“இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. ஓய்வு பெற்ற கண்டக்டரு. என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டறாரு. எனக்குச் சந்தேகம் வந்து, உங்க வீட்டுல எத்தனை யானை இருக்குன்னு கேட்டேன். ‘எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா’ங்கறாரு.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். தேநீர் புரைக்கேறியது. அவளும் சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டினாள்.

“கூட வந்த அவரு சம்சாரம் பாவம், பக்கத்துல நின்னுட்டுத் தலையில அடிச்சுக்கறாங்க. கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க இந்த ஆம்பளைங்க. சொன்னா என்ன, குடியா முழுகிடும்?”

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தன்னைப் போகவிடாமல் தடுக்கக் கணவன் ஒரு வண்டியையே கெடுத்து வைத்திருக்கிறான் என்று அவள் நம்பினாள். வாய் திறந்து ‘போகாதே’ என்று சொல்லத் தெரியாத ஆள், தனக்குத் தெரிந்த மொழியில், இரும்பிலும் ரப்பரிலும் அதைச் சொல்கிறான் என்று. அவள் அப்படி நினைப்பது அவளுடைய நடையில் தெரிந்தது, தட்டு வைக்கும் விதத்தில் தெரிந்தது. தகுதியில்லாத ஒரு பரிசைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்கள், திருப்பிக் கொடுக்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்பதுபோல அவன் இருந்தான். ஆனால் திருப்பிக் கொடுக்க மனமும் வரவில்லை. நிலையத்து மேலாளர் அம்மாவிடம் அவள் தொலைபேசியில் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டதை அவன் கூடத்திலிருந்து கேட்டான். ‘வீட்டுல கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு மேடம்’ என்றாள். வீட்டில் என்று அவள் சொன்னபோது அதற்குள் தானும் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

இருந்தாலும் கோளாறு அவனை விடவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், பட்டறையில் வேலை குறைவாக இருந்தபோது, யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறினான். எதற்காகப் போகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு போக்கு. வழக்கமான வளைவில் வழக்கம்போல முள் ஏறியது. நிறுத்தி இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தண்ணீர் கேன் இல்லை. காலையில் வெல்டர் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்று கடன் வாங்கிப்போயிருந்தான். அந்தச் சாலையில் குழாயோ ஓடையோ எதுவும் கிடையாது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு நின்றான்.

செய்வதற்கு ஒன்றுமில்லாததால்தான் தொட்டுப் பார்த்தான். இத்தனை நாளும் நின்றவுடன் தண்ணீரை ஊற்றிவிடுவான். அதன் பிறகு எதைத் தொட்டாலும் எல்லாம் ஒரே ஈரம், ஒரே வெதுவெதுப்பு. இன்று ஊற்றவில்லை. கொதிக்கிற வண்டியில் ரேடியேட்டரின் அடிப்பக்கம் எப்படி இருக்க வேண்டும்? கை வைக்க முடியாதபடி சுட வேண்டும். புறங்கையை மெதுவாகக் கொண்டுபோனான். சுடவில்லை. இன்னும் நெருங்கி விரலை வைத்தான். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் கம்பி அளவுக்குத்தான் சூடு. மேலே போகும் பெரிய குழாயைத் தொட்டான், அதுவும் சுமாராகத்தான். பிறகு எஞ்சினின் ஓரத்தில், விரற்கடை அளவில் வளைந்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போகும் அந்தச் சின்னக் குழாயைத் தொட்டவுடன் ‘ஸ்ஸ்’ என்று கையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

விரலைச் சூப்பியபடியே நின்றான். ஒரு பேருந்து போனது. ஜன்னலோரத்தில் இருந்த யாரோ அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிட்டு வரவில்லை. குறுக்குவழியில் புகுந்து எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயிலில் ஒரு வால்வு இருக்க வேண்டும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. சூடு ஏறினால் மேல்தட்டு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதே நேரத்தில் கீழ்த்தட்டு இறங்கிக் குறுக்குவழியை அடைத்துவிடும். வால்வு இல்லாவிட்டால் இரண்டு வழியும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு என்ன வந்தது, எது சுலபமோ அதில் போகும். சமதரையில் எஞ்சினுக்குப் பாடு குறைவு, அரைகுறையாக ஆறினாலே போதும். ஏற்றத்தில் போதாது.

வால்வு ஏன் இல்லை என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. வண்டி வாங்கிய அன்றே அவன்தான் கழற்றி எறிந்தான். அவன் மட்டுமல்ல, அந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் அந்த வால்வை விட்டுவைப்பதில்லை. பனி கொட்டுகிற தேசத்துக்காரன் எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று வைத்தது, இந்த வெயிலில் அது எதற்கு, அடைத்துக்கொண்டால் எஞ்சினே போய்விடும், எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடும் என்பது எல்லாருடைய தீர்மானம். பெரும்பாலான வண்டிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. இந்த எஞ்சின் பொறுக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். இதை மட்டும் சந்தேகப்படவில்லை. இல்லாத ஒன்று எப்படிக் கெட்டுப்போகும்?

வண்டி தானாக ஆறும்வரை சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். விடை கிடைத்த சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே வடிந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இதுவரை அவன் எதையும் மறைக்கவில்லை, மறைப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். இனி மறைக்கலாம். பேசாமல் இருந்தாலே போதும், அவள் நம்புவது மெய்யாகிவிடும். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுலபமாக நல்லவனாகிற வாய்ப்பு கிடைக்குமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. நல்லவன் என்பதுதான் சரியான சொல்லா என்றும் யோசித்தான். அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது.

“கோளாறு கிடைச்சுதா மச்சான்?” என்று கேனைத் திருப்பிக் கொடுக்க வந்த வெல்டர் கேட்டான்.

“இல்ல.”

அதுதான் முதல் பொய்.

புதன்கிழமை அவள் நிலையத்திலிருந்து வந்ததும் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வீட்டைத் துடைத்தாள். மலைமேல் அமையப்போகும் சோதனை அறைக்குத் திரை போடுவதற்காக அவள் கடைகடையாக ஏறித் துணி மாதிரிகள் சேர்த்துவைத்திருந்தாள். சத்தத்தை உறிஞ்ச வேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுவதுபோலத் தோன்றக் கூடாது என்று, கடைசியில் கடல்நிறத்தில் ஒரு கனத்த துணியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசியிருந்தாள். அவன் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அந்தக் கடல்நிறத் துணி அடுப்புமேடையில் கிடந்தது. அதன் ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு. அவள் அதை எடுத்துத் தேநீர்ச் சட்டியின் அடியைத் துடைத்து, பிழிந்து, மறுபடி மேடையில் போட்டாள்.

“வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்” என்றாள் முதுகைக் காட்டியபடியே. “சனிக்கிழமை போன் பண்ணணும்.”

“ஏன்?”

“என்ன ஏன்? உங்களுக்குத் தெரியாதா?”

அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான், மேடையில் கிடந்த துணியையும் பார்த்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உதிரிச்சாமான் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“வால்வா? உனக்கா? கழட்டிக் குப்பையில போடற ஆளாச்சே நீ. குப்பையில தேடிப் பாத்தியா?”

“இருந்தா குடுங்கண்ணே. பேச்சு எதுக்கு?”

“கொடுக்கறேன், கொடுக்கறேன். கண்ணால பாத்துக்கறேன் ஒரு தடவை. வால்வு வாங்கற முதல் ஆளு.”

அன்று முழுக்க வால்வு சட்டைப்பையில் இருந்தது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது. மாட்டுவதற்கு அரைமணி நேர வேலைகூட இல்லை, மாட்டவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, தேநீர்ச் சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தான். புதிய வால்வாக இருந்தாலும் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது அவன் சொல்லிக்கொண்ட காரணம். பட்டறையிலும் அடுப்பு இருக்கிறது என்பதை அவன் யோசிக்காமல் இல்லை.

தண்ணீர் சலசலக்க ஆரம்பித்தபோது அவள் உள்ளே வந்தாள். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐயய்யே, என்னங்க இது, தேநீர்ச் சட்டியில?”

“வால்வு. கொஞ்சம் பொறு, தொறக்கும்.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பித்தளைத் தட்டு, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தயங்கித் திறப்பதுபோல மயிரிழை அளவு விலகியது. இன்னும் கொஞ்சம். கீழ்த்தட்டு இறங்கியது. ஆவி இருவர் முகத்திலும் படிந்தது.

“இது இல்லாமதான் வண்டி சூடாச்சு” என்றான். “வாங்கின அன்னைக்கே நான்தான் எடுத்துப் போட்டேன். எல்லா வண்டியிலயும் எடுப்போம். இதுல எடுத்திருக்கக் கூடாது.”

அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்போ தெரியும் உங்களுக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“அப்போ, அன்னைக்குத் துணி மடிக்கும்போது நான் கேட்டேனே.”

“அப்போ தெரியாது. என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. நீ வேற மாதிரி நினைச்சுக்கிட்ட. நானும் அப்படியே விட்டுட்டேன்.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி நெடுநாளாகிவிட்டது. அவள் முகத்தில் ஆவி துளித்துளியாக நின்றது, துடைக்கவில்லை. இந்த இரண்டு வாரத்தில் அவள் பேசியது, சிரித்தது, அவன் தலையில் தட்டியது, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எது எங்கே போய்விழும் என்று தெரியவில்லை.

“அந்தக் கண்டக்டரு மாதிரி தலையாட்டிட்டு இருந்திருக்கீங்க” என்றாள் கடைசியில்.

அவன் சட்டிக்கு மேலிருந்த ஆவியைக் கையால் விலக்கினான்.

“செவ்வாய்க்கிழமைலேருந்து?”

“என்ன?”

“செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு வெள்ளி. அது?”

“அது வேணும்னேதான்.”

“நெசமா?”

“நெசமா.”

அவள் அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கி, தண்ணீர் தெளிந்து, வால்வு தென்பட்டது. அது மெல்ல மூடிக்கொள்வதை அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

“மாட்டிடுங்க. சட்டியைத் தேய்ச்சு வெச்சிடுங்க. நாலு தடவை தேய்க்கணும்.”

சனிக்கிழமை காலையில் மாட்டினான். வெல்டர் வந்து நின்று பார்த்துவிட்டு, “அட, இவ்ளோதானா?” என்றான். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தவன், மேற்கொண்டு கிண்டல் எதுவும் செய்யாமல் முகமூடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

மதியம் இருவரும் கிளம்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். மேலாளர் அம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை, மேலே போய்ப் பண்ணிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். மரக்கிடங்கு வந்தது, போனது. முதல் வளைவு. இரண்டாவது வளைவில் அவள் கால் தன்னிச்சையாக வேகத்தைத் தளர்த்தியது. முள் பாதியில் நின்றது, நின்ற இடத்திலேயே இருந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். அதற்கு மேல் அந்த வண்டியில் அவர்கள் சேர்ந்து ஏறியதில்லை என்பதால் சாலை அவனுக்குப் புதிதாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் வானம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அவள் முள்ளைப் பார்ப்பாள், அவன் அவளைப் பார்ப்பான். முள் ஆடவே இல்லை. அவன் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை முடித்து, அதற்காக இவ்வளவு வருத்தப்பட்டது கிடையாது.

உச்சிக்குச் சற்று முன்பு, சாலை அகலமாகும் இடத்தில் அவள் வண்டியை நிறுத்தினாள். அங்கிருந்து மலைமேல் ஊரின் கூரைகள் தெரிந்தன. எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இருந்தாள்.

“திறந்து பாக்கலாமா?” என்றாள்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தார்கள். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை. அவள் புறங்கையை, அவன் செய்வதைப் போலவே, ரேடியேட்டரின் அடிப்பக்கம் கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“சுடுது.”

“சுடணும்.”

அவன் உள்ளே எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். எஞ்சின் நின்றது. விசிறி நிற்கவில்லை. ஏறிவந்த சூட்டைத் தணிக்க அது தன்பாட்டுக்கு உரத்த இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பேசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் திறக்கவில்லை. அவனைப் பார்த்துச் சொன்னாள், விசிறியின் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி: “இப்போ கேக்கறேன். வண்டியை விடுங்க. நான் போகட்டுமா, வேணாமா?”

அவன் வாயைத் திறந்தான். சொன்னான். ஒரே வார்த்தைதான். இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. அவள் தன் நோயாளிகளைப் போலத் தலையை ஒருபக்கம் சாய்த்து, அவன் உதடுகளை உற்றுப் பார்த்தாள். தலையாட்டவில்லை.

“கேக்கலை” என்றாள். “அது நிக்கட்டும். அப்புறம் சொல்லுங்க.”

இருவரும் பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று காத்திருந்தார்கள். கீழேயிருந்து காற்று ஏறிவந்தது. சாம்பல்நிறத்தில் ஒரே வட்டமாகத் தெரிந்த விசிறி, இரைச்சல் தணியத் தணிய நடுங்கி, கலைந்து, இதழ் இதழாகப் பிரியத் தொடங்கியது. முதலில் ஓர் இதழ் தனியாகத் தெரிந்தது. பிறகு அதற்கு அடுத்தது.